ஷூ கம்பெனி கேன்டீன்ல சுண்டல் மட்டும் மீந்து போகுது, சோஷியல் மார்க்கெட்டிங் ரிசர்ச் இதுக்கு உதவுமா?

வெல்ஃபேர்_ஆம்பூர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆம்பூர் பக்கத்துல ஒரு ஷூ கம்பெனில வெல்ஃபேர் ஆபீசர், சேர்ந்து ரொம்ப நாள் ஆகல. ஷூவோட மேல்பாகம் தைக்கற அப்பர் ஸ்டிச்சிங் லைன்ல இருக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே லேடீஸ்தான், பேரணாம்பட்டு, மாதனூர், குடியாத்தம் சைடு கிராமங்கள்ல இருந்து கம்பெனி பஸ்ல வராங்க. மெடிக்கல் கேம்ப் போட்டப்போ நிறைய பேருக்கு ரத்தம் கம்மின்னு ரிப்போர்ட் வந்துச்சு. தமிழ்நாட்லயே 15ல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கற பெண்கள்ல 53.4% பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது, அதனால எங்க கம்பெனி மட்டும் தனியா கெட்டுப் போச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா காலைல 10 மணிக்கு மேல லைன்ல யாராவது தலை சுத்துதுன்னு ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்கு வர்றது இங்க சாதாரணமா நடக்குது. கேட்டா காலைல ஒண்ணும் சாப்பிடலம்பாங்க.

நான் வர்றதுக்கு முன்னாடி மேனேஜ்மென்ட் பண்ணி வச்சது என்னன்னா, கலர் போஸ்டர் அடிச்சு செவுத்துல ஒட்டினாங்க, ஒரு டயட்டீஷியனக் கூட்டிட்டு வந்து பேச வச்சாங்க, காலை டீ பிரேக்ல பஜ்ஜி பக்கத்துலயே சுண்டலும் வச்சாங்க. பஜ்ஜி பறக்குது. சுண்டல் அப்படியே திரும்பிப் போகுது. போஸ்டர்ல ஒண்ணுல "பிரியாணியைத் தவிர்ப்போம்"னு போட்ருக்கு, ஆம்பூர்ல நின்னுகிட்டு இத எழுத எந்த மகராசனுக்கு தைரியம் வந்துச்சோ தெரியல, அது கீழ நின்னு பொண்ணுங்க செல்ஃபி எடுக்கறாங்க.

இப்போ இன்னொரு ரவுண்டுக்கு பட்ஜெட் குடுத்திருக்காங்க. ஒரு கன்சல்டன்ட் வந்து சோஷியல் மார்க்கெட்டிங் ரிசர்ச் பண்ணித் தரேன்னு ரொம்ப நீளமா ஒரு கேள்வித்தாளக் காட்டினார். வாரத்துல எத்தனை நாள் பழம், எத்தனை நாள் கீரை, எண்ணெய் எத்தனை லிட்டர்னு பக்கம் பக்கமாப் போகுது. இத லைன்ல இருக்கறவங்க கிட்ட குடுத்தா என்ன வரும்னு எனக்கு இப்பவே தெரியுது. நெஜமாவே இந்த மாதிரி ரிசர்ச் பண்ணி சாப்பாட்டுப் பழக்கம் எங்கயாவது மாறியிருக்கா, எங்க இருந்து ஆரம்பிக்கறது, கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

---

வேலூர்_வெயிலு:

பஜ்ஜிய நிறுத்திடுங்க மேடம், வேற வழி இல்லாம சுண்டல் சாப்பிடுவாங்க. சிம்பிள்.

---

கேன்டீன்காரன்:

@வேலூர்_வெயிலு அண்ணே, நிறுத்திப் பாத்தவங்க இருக்காங்க. கேட் வெளில மறுநாளே ஒரு பஜ்ஜி வண்டி வந்து நிக்கும், அந்த எண்ணெய் எத்தனை நாளுதுன்னு அவனுக்கும் தெரியாது.

---

பாகாயம்_பிஜி:

மேடம், நான் கம்யூனிட்டி மெடிசின் படிச்சவன், வேலூர் சுத்துவட்டாரத்துல கொஞ்ச காலமா இதே மாதிரி வேலைதான். மொதல்ல ஒண்ணு, இது ஃபேஸ்புக் வாட்ஸ்அப் விளம்பரம் இல்ல, கன்சல்டன்ட் அந்தப் பக்கம் இழுத்தா விட்டுடுங்க. 1971ல பிலிப் கோட்லர், ஜெரால்டு சால்ட்மன் ரெண்டு பேரும் எழுதின கட்டுரைலதான் இந்தப் பேரே பிரபலமாச்சு. சோப்பு விக்கறவன் வாங்கறவன எப்படி ஆராய்ச்சி பண்றானோ அதே முறைய ஜனங்களுக்கு நல்லது பண்ற விஷயத்துக்கும் யூஸ் பண்ணலாம்ங்கறதுதான் சங்கதி. நம்ம நாட்ல அதுக்கு முன்னாடியே நடந்துடுச்சு, 1968ல நிரோத் ஆணுறை வந்தப்போ டீத்தூள் சோப்பு பேட்டரி விக்கற கம்பெனிகளோட சப்ளை லைன்லயே ஏத்தி 15 பைசாவுக்கு 3ன்னு பொட்டிக்கடை வரைக்கும் கொண்டு போனாங்க. அங்க போஸ்டரும் இருந்துச்சு, ஆனா கை நீட்டினா கிடைக்கற தூரம், குடுக்க முடியற விலை, இந்த ரெண்டும்தான் வேலைய செஞ்சது.

சாப்பாட்டு விஷயத்துல நான் எப்பவும் சொல்ற உதாரணம் அமெரிக்கால மேற்கு வர்ஜீனியா, 1995. ஆரோக்கியமா சாப்பிடுங்கன்னு பொத்தாம் பொதுவா அவங்க சொல்லவே இல்ல. அந்த ஊர் ஜனங்களுக்கு கெட்ட கொழுப்பு பெருசா எதுல இருந்து போகுதுன்னு பாத்தாங்க, பால்ல இருந்து நிறைய போகுதுன்னு தெரிஞ்சுது, உடனே ஒரே ஒரு விஷயத்தப் புடிச்சாங்க, கொழுப்பு 1% இல்லன்னா அதுக்கும் கம்மியா இருக்கற பாலுக்கு மாறுங்க, அவ்ளோதான். பால நிறுத்தச் சொல்லல, கடையும் மாறல, அதே கடைல பக்கத்து அடுக்குல இருக்கற பாட்டில எடுக்கணும். சில வாரம்தான் கேம்பெயின், கொழுப்பு கம்மியான பாலோட பங்கு விற்பனைல 18%ல இருந்து 41%க்குப் போச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அவங்க ஜனங்களக் கேட்டு எழுதிக்கறதோட நிக்கல, சூப்பர் மார்க்கெட் பால் விற்பனைக் கணக்கையும் எடுத்துப் பாத்தாங்க.

அதனால உங்க கேஸ்ல மொதக் கேள்வி, "ஆரோக்கியமா சாப்பிடணும்"ங்கறத ஒரே ஒரு செயலா எப்படிக் குறைக்கறதுங்கறது. காலைல ஏதாவது சாப்பிட்டு வர்றதா? டீ பிரேக்ல பஜ்ஜிக்கு பதிலா வேற எடுக்கறதா? சாப்பாட்டோடயே டீ குடிக்கறத விடறதா? இது மூணும் மூணு வேற வேற விஷயம், மூணுக்கும் தடை வேற. ஒரே போஸ்டர்ல எல்லாத்தையும் போட்டா எதுவும் நடக்காது.

ரெண்டாவது, சுண்டலோட போட்டி யாருன்னு பாருங்க. பஜ்ஜின்னு நினைக்கறீங்க, எனக்கென்னவோ அது நேரம்னு தோணுது. பிரேக் எத்தனை நிமிஷம்? க்யூ எவ்ளோ நீளம்? இது தெரியாம கேள்வித்தாள் அடிச்சா காசு தண்டம். கேள்வித்தாள்ல எல்லாரும் நல்ல பிள்ளையாத்தான் எழுதுவாங்க, வாரத்துல அஞ்சு நாள் கீரைம்பாங்க, அத நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. நேத்து காலைல எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் வாய்ல என்னென்ன போச்சு, எங்க உக்காந்து, யாரோடன்னு கேளுங்க, அது உண்மைக்குக் கிட்ட வரும். கேன்டீன் ஸ்டாக் ரிஜிஸ்டர், குப்பைத் தொட்டி ரெண்டையும் பாருங்க, அது இன்னும் கிட்ட.

---

லைன்7_அக்கா:

நான் ஷூ கம்பெனிலதான் வேல செய்றேன், உங்க கம்பெனியா இன்னாவோ தெர்ல, எல்லா கம்பெனியும் ஒண்ணுதான். இங்க எல்லாரும் பால் கொழுப்புன்னு பேசிகினு இருக்கீங்க, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க.

காத்தால நாலரைக்கு எழுந்திரிக்கறேன், தண்ணி வர்ற நாளுன்னா அதுக்கும் முன்னாடி. புள்ளைங்களுக்கு டிபன், வூட்டுக்காரருக்கு சாப்பாடு, மாமியாருக்கு கஞ்சி, என் டப்பா, எல்லாம் கட்டி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு ஹாரன் அடிக்கும், அது நிக்காது, விட்டா ஒரு நாள் கூலி போச்சு. அந்த நேரத்துல சாப்பிடறது எங்க. சாப்பிட்டாலும் பஸ்ல வாந்தி வருதுன்னு பாதி பேரு வெறும் வயித்தோடதான் ஏறுவாங்க. பஸ்ல டப்பா தொறந்து சாப்பிடலாமேன்னு ஒரு மேடம் கேட்டாங்க, அத்தினி பேரு முன்னாடி நான் ஒருத்தி மட்டும் உக்காந்து தின்னுகினு வர முடியுமா, நாளைக்கு அதையே சொல்லி சிரிப்பாங்க.

சுண்டலு ஏன் சாப்பிடறதில்லன்னு கேக்கறீங்களே, அத யாராவது எங்கள வந்து கேட்டீங்களா? கொண்டக்கடல சுண்டல் தின்னா வயிறு ஊதும், கேஸ் புடிக்கும். மிஷின்ல குனிஞ்சு உக்காந்துகினு பக்கத்துல ஆளு இருக்கும்போது அது எவ்ளோ சங்கடம்னு உங்களுக்குத் தெரியுமா. பாத்ரூம் போணும்னா சூப்பர்வைசர் மூஞ்சப் பாக்கணும், அதுக்குப் பயந்துகினு தண்ணியே குடிக்காம இருக்கறவங்க எங்க லைன்ல இருக்காங்க. அப்புறம் சுண்டலு தட்டுல வெக்கறாங்க, ஸ்பூன் குடுக்கறாங்க, உக்காந்துதான் சாப்பிடணும், பிரேக்கே பத்து நிமிஷம், கைல பசை ஒட்டிகினு இருக்கும் கழுவணும், க்யூல நிக்கணும். பஜ்ஜின்னா பேப்பர்ல சுத்திக் குடுப்பான், நடந்துகினே வாய்ல போட்டுகினு வந்துடலாம். பாதிப் பேரு அதையும் தின்றதில்ல, ரெண்டு வாங்கி பைல வச்சு சாயங்காலம் புள்ளைங்களுக்கு எடுத்துகினு போவாங்க. ஆபீஸ்ல நிறைய விக்குதுன்னு கணக்கு வரும், தின்னது யாரு?

சுண்டல எப்படிப்பா வூட்டுக்கு எடுத்துகினு போறது, கெட்டுப் போயிடும்.

---

பாகாயம்_பிஜி:

அக்கா, நீங்க எழுதின ரெண்டு பாராவுல ஒரு ரிசர்ச் ரிப்போர்ட்டே இருக்கு. வயிறு ஊதறது, பாத்ரூம் பர்மிஷன், பேப்பர்ல சுத்தறது, புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போறது, இந்த நாலும் எந்த டயட்டீஷியன் ஸ்லைடுலயும் வராது. மேடம், கன்சல்டன்டுக்குக் குடுக்கற காசுல கொஞ்சம் இந்த மாதிரி அக்காங்க சாயங்காலம் உக்காந்து பேசறதுக்கு ஓவர்டைமாக் குடுத்துடுங்க, வேலை நேரத்துல சூப்பர்வைசர் பக்கத்துல நின்னா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க.

விற்பனைக் கணக்கப் பத்தி அவங்க சொன்னது எனக்கும் உறைக்குது. பால் கணக்கு மாதிரி கேன்டீன் கணக்கையே நம்பினா பஜ்ஜி தின்னது யாருன்னு தப்பாப் போயிருக்கும். வாங்கினவங்களோட கூடவே நடந்து போய் எங்க போகுதுன்னு பாக்கணும்.

இன்னொண்ணு, உணவோட அந்தஸ்து. சென்னைல நீரிழிவு ஆராய்ச்சி பண்றவங்க பட்டை தீட்டாத பழுப்பு அரிசி பத்தி ஜனங்களோட குழு குழுவா உக்காந்து பேசி 2011ல ஒரு கட்டுரை போட்டாங்க. வெள்ள வெளேர்னு இருந்தாத்தான் நல்ல அரிசி, கலர் மட்டமா இருக்கறது தரம் கம்மின்னு ஜனங்க நினைக்கறது அதுல வந்துச்சு. சமைச்சுக் குடுத்து, விஷயத்தச் சொன்னதுக்கப்புறம் மாறிப் பாக்கலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. அதாவது தடை ருசியில மட்டும் இல்ல, மரியாதையிலயும் இருக்கு. நம்ம பக்கம் கேவுரு களி, கூழு கதையும் இதேதான. வூட்ல குடிச்சுட்டு வருவாங்க, கம்பெனில டப்பா தொறந்தா இட்லிதான் இருக்கணும்.

---

வேலூர்_வெயிலு:

கூழுக்கு மரியாத இல்லன்னு யாரு சொன்னது? சித்திரை வைகாசில காட்பாடி ரோட்ல கூழ் வண்டி முன்னாடி வந்து நில்லுங்க, கார நிறுத்திட்டு எறங்கி வந்து குடிக்கறாங்க. மோர் மிளகா, மாங்கா, கருவாடு, வெங்காயம்னு சைடு டிஷ்ஷப் பாத்தே பாதி பேரு வராங்க. அதே கூழு வூட்ல அம்மா குடுத்தா வேணாம்பான்.

---

பாகாயம்_பிஜி:

@வேலூர்_வெயிலு பஜ்ஜிய நிறுத்துன்னு ஆரம்பிச்சவர் இப்போ சரியான எடத்துக்கு வந்துட்டீங்க. அதே பொருள், வேற எடம், வேற தோற்றம், காசு குடுத்து வாங்கறதால வர்ற கவுரவம். கேழ்வரகுல 100 கிராமுக்கு 4.6 மில்லிகிராம் கிட்ட இரும்பு இருக்கு, கால்சியம் 360 மில்லிகிராமுக்கு மேல. புளிக்க வெச்சா பைட்டேட்னு சத்தப் புடிச்சு வெச்சுக்கற பொருள் குறைஞ்சு சத்து உடம்புல சேர்றது கொஞ்சம் சுலபமாகுது, நம்ம பாட்டிங்க ராத்திரியே கரைச்சு வெச்சது வீணில்ல. எங்க ஆளுங்க வேலூர் டவுன்லயும் சுத்து கிராமத்துலயும் 1991-94ல எடுத்த சர்வேய 2010-12ல திரும்ப எடுத்துப் பாத்தப்போ, சர்க்கரையும் உடம்பு பருமனும் கிராமத்துல கூட ரொம்ப ஏறியிருந்துச்சு. அதனால ரத்தசோகை பாக்கறப்போ அந்தப் பக்கத்தையும் மறந்துடாதீங்க, ரெண்டும் ஒரே வூட்ல இருக்கு.

---

கேன்டீன்காரன்:

நான் ராணிப்பேட்டை சைடு ரெண்டு கம்பெனிக்கு கேன்டீன் எடுத்து நடத்தறேன், என் பக்கத்து கணக்கையும் கேளுங்க. சுண்டல் போட்டா ராத்திரியே ஊற வைக்கணும், காலைல குக்கர்ல வேக வைக்க கேஸ் போகும், தாளிக்கணும், மீந்தா மத்தியானம் யாருக்கும் ஓட்ட முடியாது. பஜ்ஜிக்கு வாழைக்காய் இல்லன்னா வெங்காயம், உருளை, எது விலை கம்மியோ அது. மாவு மீந்தா போண்டா. கான்ட்ராக்ட்காரன் ஏன் பஜ்ஜி போடறான்னா அவன் கெட்டவன்னு இல்ல, ரேட் பேசும்போது நீங்க நோட்டீஸ்ல எழுதற சத்துக்கு ஒரு பைசாவும் ஒதுக்கறதில்ல. எண்ணெய் பத்தி கேப்பீங்க, 2018 ஜூலைல இருந்து டோட்டல் போலார் காம்பவுண்ட், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சறப்போ எண்ணெய்ல சேர்ற கழிவு, 25%க்கு மேல போன எண்ணெய யூஸ் பண்ணக்கூடாதுன்னு ரூல் இருக்கு. எத்தனை கம்பெனி வெல்ஃபேர் ஆபீசர் அத டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்காங்க சொல்லுங்க. கேட்டா நாங்களும் ஒழுங்கா இருப்போம்.

என் அனுபவத்துல மறு பேச்சில்லாம போறது வேகவச்ச முட்டை. கைல எடுத்துட்டு போயிடலாம், தட்டு வேணாம், ஸ்பூன் வேணாம். அப்புறம் வேகவச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, சீசன்ல தோலோட குடுத்தா பைல போட்டுட்டு வூட்டுக்கும் எடுத்துட்டு போவாங்க, அந்த அக்கா சொன்னாங்களே அதேதான். ஆனா தோலு ஃப்ளோர்ல விழுதுன்னு ஒரு கம்பெனில நிறுத்திட்டாங்க.

---

நியாயம்தானே:

எல்லாம் சரி, நான் கொஞ்சம் கசப்பாப் பேசறேன் மன்னிச்சுக்குங்க. ரத்தம் கம்மியா இருக்கறதுக்கு அந்தப் பொண்ணோட "பழக்கம்" காரணம்னு ஆரம்பிக்கறதே தப்பு. பஸ் டைம் கம்பெனி போட்டது, பத்து நிமிஷ பிரேக் கம்பெனி போட்டது, டார்கெட் கம்பெனி போட்டது, பாத்ரூம் பர்மிஷனும் அவங்கதான். இது எதுவும் மாறாம பொண்ணுங்க மனச மட்டும் மாத்தறதுக்கு ஒரு ரிசர்ச்சா? இங்கிலாந்துல உப்பு குறைக்கறதுக்கு 2004ல ஓடில்லாத நத்தை ஒண்ண கார்ட்டூனா வெச்சு விளம்பரம் பண்ணாங்க, எல்லாரும் அந்த நத்தையப் பத்தியே பேசுவாங்க. ஆனா ஜனங்க உப்பு ஒரு நாளைக்கு 9.5 கிராம்ல இருந்து 2011ல 8.1 கிராமுக்கு வந்ததுல பெரிய பங்கு, பிரட் கம்பெனிங்க வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மாவுல உப்பக் குறைச்சது, தின்றவனுக்கு வித்தியாசமே தெரியாம. அங்க அரசாங்கம் சட்டம் போடாமலே கம்பெனிங்களுக்கு டார்கெட் வெச்சு விடாம நெருக்கிச்சு. நம்ம ஊர்லயும் உணவுத்துறை ஆளுங்க 2018ல "இன்னைல இருந்து கொஞ்சம் கம்மி"ன்னு உப்பு சர்க்கரை எண்ணெய்க்கு ஒரு கேம்பெயின் விட்டாங்க, நடிகர வெச்சு வீடியோல்லாம் வந்துச்சு, உங்க வூட்ல எண்ணெய் கேன் சின்னதாச்சா?

கேன்டீன் கமிட்டில தொழிலாளர் பிரதிநிதி இருக்கணும்னு 1948 ஃபேக்டரி சட்டம் பிரிவு 46லயே இருந்தது. உங்க கம்பெனில அந்தக் கமிட்டி கடைசியா எப்போ கூடுச்சுன்னு மொதல்ல பாருங்க மேடம், அப்புறம் ரிசர்ச் பண்ணலாம்.

---

பாகாயம்_பிஜி:

@நியாயம்தானே நீங்க சொல்றதுல பாதிக்கு மேல ஒத்துக்கறேன். ஆனா சோஷியல் மார்க்கெட்டிங்க ஒழுங்காப் பண்ணா அது உங்க பக்கம்தான் வந்து நிக்கும். "அவங்களுக்கு இது ஏன் கஷ்டமா இருக்கு"ன்னு நெஜமாக் கேட்டா பதில்ல பாதி பஸ், பிரேக், பாத்ரூம்னுதான் வரும், அந்தப் பதில எழுத்துல மேனேஜ்மென்ட் டேபிள் மேல வைக்கறதுக்கு வேற எந்த வழி இருக்கு? வெல்ஃபேர் ஆபீசர் தானாப் போய் பிரேக்க பதினஞ்சு நிமிஷம் ஆக்குங்கன்னா தொரத்திடுவாங்க. ரிசர்ச்ல வந்துச்சுன்னு சொன்னா ஒரு நிமிஷமாவது படிப்பாங்க. நடுவுல மயக்கம் போட்டு லைன் நின்ன கணக்கையும் பக்கத்துல வெச்சுடுங்க.

மேடம், எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்களே. எல்லா ஊர்லயும் ஒண்ணு உண்டு, அதே சம்பளம், அதே பஸ், அதே மாமியார், ஆனா எப்படியோ காலைல சாப்பிட்டுட்டு வர்றவங்க. அவங்களக் கண்டுபிடிங்க. 1990கள் ஆரம்பத்துல வியட்நாம் கிராமங்கள்ல ஜெர்ரி ஸ்டெர்னின்னு ஒருத்தர் இதத்தான் பண்ணார். எல்லாரும் ஏழைங்க, ஆனா சில வூட்டுப் புள்ளைங்க மட்டும் நல்லா இருக்கு, ஏன்னு போய்ப் பாத்தா அந்த அம்மாங்க வயல்ல கிடைக்கற சின்ன இறால், நண்டு, வள்ளிக்கிழங்கு இலை இதெல்லாம் சோத்துல சேத்துக் குடுத்துட்டு இருந்தாங்க, மத்தவங்க அது புள்ளைங்களுக்கு ஆகாதுன்னு விட்டுட்டாங்க. வெளில இருந்து ஒரு புது பொருளும் வரல. உங்க லைன்லயும் அந்த மாதிரி ஆளுங்க கண்டிப்பா இருப்பாங்க.

அப்புறம் செய்றவங்க 45 பேர், செய்யாதவங்க 45 பேர்னு எடுத்து ரெண்டு பக்கமும் ஒரே கேள்விகளக் கேக்கற ஒரு முறை இருக்கு, கள வேலை பண்றவங்க நிறைய யூஸ் பண்ணுவாங்க. எது இத சுலபமாக்குது, எது கஷ்டமாக்குது, செஞ்சா என்ன நல்லது, என்ன கெட்டது, யாரு சரிம்பாங்க, யாரு வேணாம்பாங்க, மறந்து போகுதா, இவ்ளோதான், ஒரே பக்கம். ரெண்டு குரூப்புக்கும் பதில் எங்க பெருசா வித்தியாசப்படுதோ அங்கதான் காசப் போடணும். எல்லாருமே "சத்து முக்கியம்"னு சொல்வாங்க, செய்யாதவங்களும் அதையேதான் சொல்வாங்க, அப்போ சத்து முக்கியம்னு இன்னொரு போஸ்டர் அடிக்கறதுல பிரயோஜனம் இல்ல.

மருத்துவமா ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கினவங்களுக்கு சாப்பாடு மட்டும் போதாது, இஎஸ்ஐ டாக்டர் கிட்ட அனுப்பி மாத்திரை எடுக்க வைங்க. மத்தவங்களுக்கும் வாரம் ஒரு இரும்பு ஃபோலிக் ஆசிட் மாத்திரைன்னு அரசாங்கத் திட்டமே இருக்கு. முட்டை புரதத்துக்கு ரொம்ப நல்லது, ஒண்ணுல 6 கிராம் கிட்ட இருக்கு, காலைப் பசிக்கும் நிக்கும், ஆனா ரத்தம் ஏறும்னு முட்டைய விளம்பரம் பண்ணாதீங்க, அதுல இருக்கற இரும்பு உடம்புல சேர்றது கம்மி. இரும்புக்கு கீரை, பயறு, கேவுரு, கூடவே எலுமிச்சை இல்லன்னா நெல்லிக்கா. டீ இரும்பு உடம்புல சேர்றதத் தடுக்கும், அதனால அத சாப்பாட்டோட சேத்துக் குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லலாம், செலவே இல்லாத விஷயம். ஆனா டீ பிரேக்ல டீ குடிக்காதன்னு சொன்னா உங்களையும் அந்த போஸ்டர் பக்கத்துல நிக்க வெச்சு செல்ஃபி எடுப்பாங்க, அதனால அத மத்தியானச் சாப்பாட்டு டைமுக்கு வெச்சுக்குங்க.

---

லைன்7_அக்கா:

டீய மட்டும் கை வெக்காதீங்க சார். அது குடிச்சாதான் தலவலி நிக்குது.

காலைல சாப்பிட்டு வர்றவங்க எங்க லைன்லயும் ரெண்டு மூணு பேரு இருக்காங்க. ஒருத்தி ராத்திரியே சோத்துல தண்ணி ஊத்தி வெச்சுட்டு காலைல மோர் கலக்கி வாட்டர் பாட்டில்ல ஊத்திகினு வரா, பஸ்ல தண்ணி குடிக்கற மாதிரி குடிச்சுகினு வருவா, யாருக்கும் தெரியாது. நாங்க அத கேலி பண்ணிகினு இருந்தோம், ஆனா அவளுக்குத் தலை சுத்தி நான் பாத்ததில்ல.

---

வெல்ஃபேர்_ஆம்பூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நான் எதிர்பார்த்தத விட அதிகமாவே கிடைச்சுது. பாட்டில் விஷயம் படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன். வாட்டர் பாட்டில்ல கூழோ மோர் சோறோ வந்தா கூச்சம், தட்டு, ஸ்பூன், க்யூ எல்லாப் பிரச்சினையும் ஒரே அடில போயிடுது. காலைல முதல் பஸ் இறங்கற எடத்துல பெரிய கேன்ல கூழு கரைச்சு வெச்சு அவங்க பாட்டில்லயே புடிச்சுக்கட்டும்னு விட்டா எப்படி இருக்கும்னு யோசிக்கறேன், மோர் மிளகாயும் வெச்சுடலாம். அதுக்கு முன்னாடி ஒரு பக்கக் கேள்விய மட்டும் வெச்சு ரெண்டு குரூப்பு கிட்டயும் பேசப் போறேன், கன்சல்டன்ட் பேப்பர் வேணாம்னு சொல்லிடறேன்.

நியாயம்தானே சார், கமிட்டி மினிட்ஸ் புக் கேட்டேன். பீரோ சாவி யார் கிட்டன்னு தெரியலங்கறாங்க, அதுவே பதில் மாதிரிதான் இருக்கு. புதுசா கூட்டறதுக்கு லெட்டர் போட்டிருக்கேன், லைன்ல இருந்து ஆளுங்கள சூப்பர்வைசர் சொல்லாம அவங்களே பேர் குடுக்கற மாதிரி கேட்டிருக்கேன். பாத்ரூம் விஷயத்தையும் அஜெண்டால போட்டுட்டேன், எடுத்துடுவாங்களோ என்னவோ பாக்கலாம்.

---

நியாயம்தானே:

எடுத்தா இங்க வந்து சொல்லுங்க. சாப்பாட்டுல ஆரம்பிச்சு பாத்ரூமுக்கு வந்ததே பெரிய விஷயம்.

---

கேன்டீன்காரன்:

மேடம், கூழு ஐடியா நல்லா இருக்கு ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கூழு ஆறி நேரம் கடந்தா ரொம்பப் புளிச்சுடும், ரெண்டாவது பஸ் வர்றதுக்குள்ள ஒரு தடவ கேன மாத்தணும், வேலூர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். முட்டையும் வேணும்னா சொல்லுங்க, நாமக்கல் ரேட் தெனமும் மாறும், அதனால வருஷத்துக்கு ஒரே ரேட்னு கான்ட்ராக்ட்ல எழுதச் சொன்னா எவனும் கையெழுத்து போட மாட்டான், மாசத்துக்கு ஒரு தடவ மாத்தற மாதிரி எழுதுங்க. அப்புறம் முட்டைத் தோல் உரிக்கற ஆள் சம்பளம் உங்க சைடா எங்க சைடா, அத மொத மீட்டிங்லயே பேசிடுங்க, எல்லா எடத்துலயும் சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.